ஆய்வேட்டுக்கு எந்தத் தமிழ்? மூன்று நடைகள், ஓர் ஒப்பீடு

தமிழில் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதுகிறவர்கள் தரவு திரட்டும்போது தடுமாறுவதைவிட, எழுத உட்காரும்போதுதான் அதிகம் தடுமாறுகிறார்கள். "ஆய்வு நடையில் எழுதுங்கள்" என்று நெறியாளர் சொல்லியிருப்பார். துறை நூலகத்துக்குப் போய்ப் பழைய ஆய்வேடுகளைப் புரட்டினால், ஒன்று பழந்தமிழ் நூல்களுக்கு உரை எழுதிய உரைகாரர்களின் தமிழில் இருக்கும். இன்னொன்றில் பாதிக்குப் பாதி ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்தில் இருக்கும். மூன்றாவது, நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரை போல ஓடும். மூன்றுக்குமே பட்டம் கிடைத்திருக்கும். அப்படியானால் எதைப் பின்பற்றுவது?

முன்பு இந்தக் குழப்பம் தீர ஓர் இடம் இருந்தது. எம்.ஃபில். படிப்பில் சிறிய ஆய்வேடு ஒன்றை எழுதிக் கை பழகிய பிறகு முனைவர் பட்டத்துக்கு வருவார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிமுறைகளோடு எம்.ஃபில். நின்றுபோனது. இப்போது முதுகலை முடித்த கையோடு நேரே பெரிய ஆய்வேட்டில் இறங்க வேண்டியிருக்கிறது. நடையைப் பழகும் இடமும் அதை எழுதி முடிக்கும் இடமும் ஒன்றாகிவிட்டன. அதனால் இந்த முடிவை முதல் இயலுக்கு முன்பே எடுப்பது நல்லது.

தமிழிலக்கியத் துறையை மட்டும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. வரலாறு, சமூகவியல், கல்வியியல், நாட்டார் வழக்காற்றியல் என்று தமிழில் ஆய்வேடு எழுதும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் தெளிவு. ஒரு வாக்கியத்தைப் படித்ததும் யார் செய்தார், எங்கே, எப்போது, எத்தனை பேரிடம் என்பது தெரிய வேண்டும். பக்கத்துத் துறையைச் சேர்ந்த ஒருவருக்கும் அது புரிய வேண்டும்.

இரண்டாவது துல்லியம். இதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒரு கலைச்சொல் ஆய்வேடு முழுக்க ஒரே பொருளில் வர வேண்டும் என்பது ஒன்று. நமக்கு எவ்வளவு உறுதியாகத் தெரியுமோ அவ்வளவு உறுதியோடு மட்டும் சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

மூன்றாவது ஏற்பு. நெறியாளர், ஆய்வுக்குழு, வெளித்தேர்வாளர் ஆகியோர் ஆய்வேட்டை ஏற்க வேண்டும். இது கொள்கை சார்ந்த விஷயம் இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. பட்டம் அவர்கள் கையில் இருக்கிறது.

நான்காவது உழைப்பு. முதல் வரைவுக்கு ஆகும் நேரத்தோடு திருத்தத்துக்கு ஆகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஐந்தாவது ஆயுள். ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் ஏறிவிடும். பத்து ஆண்டு கழித்து வேறோர் ஊரில் ஒருவர் தேடினால் அது கிடைக்க வேண்டும், கிடைத்தால் பயன்பட வேண்டும். நூலாக்கும் எண்ணம் இருந்தால் அப்போதும் பெரிதாக மாற்றி எழுத வேண்டியிராமல் இருப்பது நல்லது.

ஒரே செய்தி, மூன்று நடை

ஒரு மாதிரிச் செய்தியை எடுத்துக்கொள்வோம். இதற்காக நானே புனைந்தது இது. மதுரைப் பக்கம் ஒரு கண்மாய். கடைமடை நிலங்களுக்கு, அதாவது பாசனத்தின் கடைக்கோடியில் உள்ள வயல்களுக்கு, தண்ணீர் போய்ச் சேருவதில்லை என்று கள ஆய்வில் தெரிகிறது.

செந்தமிழ் நடையில் இது பெரும்பாலும் இப்படி வரும்: "கண்மாய்ப் பாசனத்தின்கண் கடைமடைவாழ் உழவர் பெருமக்கள் நீரின்மையால் பெரிதும் இன்னலுறுதல் களஆய்வின்வழி அறியக்கிடக்கின்றது."

கலப்பு நடையில்: "டெயில் எண்ட் விவசாயிகளுக்கு வாட்டர் ஷார்ட்டேஜ் இருப்பது ஃபீல்டு ஸ்டடி மூலம் ஐடென்டிஃபை செய்யப்பட்டது."

எளிய எழுத்துநடையில்: "கடைமடையில் நிலம் வைத்திருக்கும் 20 பேரிடம் பேசினேன். தை மாதத்துக்குப் பிறகு தங்கள் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று 14 பேர் சொன்னார்கள்."

மூன்றாவதுதான் தெளிவு என்று உடனே தோன்றும். அதற்கு எளிய சொற்கள்தான் காரணமா என்று கொஞ்சம் நின்று பாருங்கள். அதே செய்தியைச் செந்தமிழிலும் இப்படி எழுதலாம்: "கடைமடை நிலமுடையோர் இருபதின்மரை வினவினேன். தைத் திங்களுக்குப் பின் தம் வயலுக்கு நீர் வரவில்லை எனப் பதினால்வர் கூறினர்." இதில் ஒரு தெளிவுக் குறைவும் இல்லை. முதல் இரண்டு வாக்கியங்களையும் கெடுத்தவை "அறியக்கிடக்கின்றது", "ஐடென்டிஃபை செய்யப்பட்டது" என்ற முடிவுகள். யார் அறிந்தார், யாரிடமிருந்து அறிந்தார், எத்தனை பேர் சொன்னார்கள் என்ற எல்லாவற்றையும் அந்த வினைமுற்றுகள் விழுங்கிவிட்டன.

ஆய்வுத் தமிழ் பற்றிய நம் சண்டை எல்லாம் பெயர்ச்சொற்களைச் சுற்றியே நடக்கிறது. சமூகமா குமுகாயமா, சதவீதமா விழுக்காடா, டேட்டாவா தரவா என்று பக்கம் பக்கமாக வாதாடுகிறோம். சிக்கல் இருப்பதோ வினைமுற்றில். எந்த நடையைத் தேர்ந்தாலும் இதை மறக்காதீர்கள். மூன்று நடைகளையும் எடை போடும்போது நான் முதலில் பார்ப்பது, எந்த நடை வினையை ஒளித்துவைக்க அதிகம் தூண்டுகிறது என்பதைத்தான்.

செந்தமிழ் நடை

இதற்கு உள்ளே தனித்தமிழ் நடை, உரைகாரர் நடை என இரண்டு ஓட்டங்கள் உண்டு. மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் வழி வந்தது முதலாவது. இரண்டாவது அதைவிட மிகப் பழையது. இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் வழியாக வருகிறது.

இலக்கணமும் பழந்தமிழ் இலக்கியமும் உங்கள் களம் என்றால் இந்த நடைக்கு ஈடு கிடையாது. உள்ளுறை, இறைச்சி, மெய்ப்பாடு, ஆகுபெயர், அன்மொழித்தொகை போன்ற சொற்கள் பல நூற்றாண்டு விவாதத்தில் தீட்டப்பட்டவை. உள்ளுறையை "மறைமுகப் பொருள்" என்று எளிமையாக்கினால், அதற்கும் இறைச்சிக்கும் உள்ள வேறுபாடே போய்விடும். உரைகாரர்களின் வாதமுறையும் கற்றுக்கொள்ளத் தக்கது. எதிர்த்தரப்பின் கேள்வியை முன்வைத்து, அதை மறுத்து, தன் முடிவைச் சொல்வார்கள். ஆய்வேட்டுக்கு அதைவிட நல்ல பயிற்சி எது?

மறைவான செலவுகளைப் பார்ப்போம். முதலாவது, அடைமொழிகள். "ஒப்பற்ற", "ஈடிணையற்ற", "தீஞ்சுவைமிக்க" என்று இந்த நடையோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடும். சான்று நிற்க வேண்டிய இடத்தில் புகழ்ச்சி நிற்கும். ஒரு புலவர் சிறந்தவர் என்று சொல்லத் தேர்வாளருக்கு உங்கள் உதவி வேண்டியதில்லை. அவர் பாட்டில் நீங்கள் கண்டது என்ன என்றுதான் கேட்பார்.

இரண்டாவது, தேடல். சமூகவியல் ஆய்வேட்டில் "குமுகாயம்" என்று எழுதினால், "சமூகம்" என்று தேடுகிறவருக்கு அது அகப்படாது. சொல்லின் மேல் பற்று இருந்தால் தலைப்பிலும் ஆய்வுச் சுருக்கத்திலும் மட்டுமாவது பரவலான சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் பெரிய செலவு. களச்சொற்களையும் இந்த நடை திருத்தப் பார்க்கும். கண்மாய், மடை, கலுங்கு, நீர்ப்பாய்ச்சி என்று ஊரில் வழங்குபவை சான்றுகள். வட மாவட்டத்தில் ஏரி என்பதும், திருநெல்வேலியில் குளம் என்பதும், மதுரை, இராமநாதபுரத்தில் கண்மாய் என்பதும் வெறும் உச்சரிப்பு வேறுபாடு இல்லை. அவற்றையெல்லாம் "நீர்நிலை" என்று ஒன்றாக்கினால் தகவல் அழிகிறது. நேர்காணலில் ஒரு பாட்டி "தண்ணி வரவே இல்லப்பா" என்று சொன்னதை "நீர் வந்திலது" என்று பதிவு செய்வது தரவையே மாற்றுவதாகும். அவர் பேச்சு அவர் பேச்சாகவே இருக்கட்டும்.

கலப்பு நடை

ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் குறிப்பெடுத்து, தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது கையில் வந்து விழும் நடை. இதை இகழ எனக்கு மனம் இல்லை. முதல் வரைவை எழுதி முடிக்க இதுபோல் விரைவான வழி வேறில்லை. கணினியியல், மருத்துவம் போன்ற இடங்களில் தமிழ்ச் சொல் இன்னும் நிலைபெறாமல் இருப்பதும் உண்மைதான். ஒரு கருத்துக்கு நான்கு தமிழாக்கங்கள் புழங்கும்போது, எல்லோரும் அறிந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் தருவது வாசகருக்குச் செய்யும் உதவி. சாஃப்ட்வேர் பெயர்களையும் மருந்துப் பெயர்களையும் மொழிபெயர்க்கவே கூடாது.

ஆனால் நிலைபெற்ற தமிழ்ச் சொல் இருக்கும் இடத்திலும் பழக்கத்தால் ஆங்கிலத்தைப் போட்டுவிட்டுப் போவதுதான் இங்கே நடக்கிறது. தரவு, கருதுகோள், மாறி, திட்டவிலக்கம் எல்லாம் பள்ளி, கல்லூரிப் பாடநூல்களிலேயே புழங்குபவை. அவற்றை விட்டுவிட்டு டேட்டா என்று எழுதத் தொடங்கினால் எழுத்துக்கூட்டல் தொல்லை தொடங்கிவிடும். ஓரிடத்தில் டேட்டா, ஓரிடத்தில் டேடா, இன்னோரிடத்தில் டேட்டாக்கள். ஒரே ஆய்வேட்டில் ஒரே சொல் மூன்று வடிவத்தில் நிற்கும். பொருளடைவு தயாரிக்கும்போதுதான் அந்த வலி தெரியும்.

இன்னொரு செலவு, வினை. ஆங்கில வினையைத் தமிழில் கொண்டுவர "செய்" தேவைப்படுகிறது: அனலைஸ் செய்தல், கம்பேர் செய்தல், கன்ஃபார்ம் செய்தல். அடுத்த அடியில் அது "செய்யப்பட்டது" ஆகிவிடும். நான் பார்த்தவரை மூன்று நடைகளில் செயப்பாட்டுவினை மலிந்து கிடப்பது இதில்தான். அதனால்தான் முதல் வரைவுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளச் சொல்வேன். விரைவாக எழுதி முடித்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு "செய்யப்பட்டது"க்கும் எதிரே "யாரால்?" என்று எழுதிப் பாருங்கள். பாதி வாக்கியங்கள் தாமாகவே திருந்திவிடும்.

எளிய எழுத்துநடை

பாடநூலும் நல்ல இதழ்களும் எழுதும் தமிழ் இது. எழுத்திலக்கணம் கெடாது, சந்தி இருக்கும், சொற்கள் புழக்கத்தில் உள்ளவையாக இருக்கும், கலைச்சொல்லை முதலில் வரும் இடத்திலேயே விளக்கிவிடும். பெரும்பாலோருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

எளிய நடை என்பதால் எழுதுவதும் எளிது என்று எண்ண வேண்டாம். மூன்றில் அதிகத் திருத்தம் கேட்பது இதுவே. செந்தமிழ் நடையில் கருத்து மங்கலாக இருந்தாலும் ஓசை அதை மூடிவிடும். கலப்பு நடையில் ஆங்கிலச் சொல் ஒரு கனத்தைக் கொடுத்துவிடும். எளிய நடையில் மூடுவதற்கு எதுவும் இல்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லாத பத்தி, ஒன்றும் இல்லாததாகவே தெரியும். அதைப் பார்த்து அஞ்சித்தான் பலர் இதை விட்டு ஓடுகிறார்கள். ஆனால் தேர்வாளர் கண்ணில் படுவதற்கு முன் நம் கண்ணில் படுவது எவ்வளவு நல்லது!

இரண்டாவது செலவு, ஏற்பு. "இது ஆய்வு நடையாக இல்லை, கட்டுரை மாதிரி இருக்கிறது" என்று சொல்லும் நெறியாளர்கள் இருக்கிறார்கள். சில நேரம் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும். "நிறையப் பேர்", "ரொம்பக் காலமாக" என்று பேச்சுவழக்கு நுழைந்தால் அளவு மங்கிவிடுகிறது. எத்தனை பேர், எந்த ஆண்டிலிருந்து என்று எழுதிவிட்டால் அந்தக் குறை போய்விடும்.

மூன்றாவது, கலைச்சொல் பட்டியல். இந்த நடைக்கு அது கட்டாயம். "மாதிரி" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பிளுக்கும் அதுதான், மாடலுக்கும் அதுதான், "போல" என்ற பொருளிலும் அதுதான். "இந்த மாதிரியின் மாதிரி" என்று ஒரு வாக்கியம் வந்தால் யாருக்குப் புரியும்? சாம்பிளுக்குக் "கூறு" என்று ஒன்றை உறுதி செய்துகொண்டு, முதல் இயலிலேயே அறிவித்துவிட்டால் பிறகு குழப்பம் இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் கலைச்சொல் தொகுப்பும் அரசின் சொற்குவைத் தளமும் இதற்கு உதவும். ஒன்றுக்குப் பல சொற்கள் கிடைத்தால் அழகானதைத் தேடாதீர்கள். உங்கள் துறையின் பாடநூலில் ஏற்கெனவே இருப்பதை எடுங்கள்.

கடல் தாண்டிய வாசகரையும் நினைவில் வையுங்கள். தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூலில் வேகம் என்பது திசை இல்லாத அளவு, திசையோடு சேர்ந்தது திசைவேகம். இலங்கைப் பாடநூலில் திசை இல்லாதது கதி, திசையோடு சேர்ந்ததுதான் வேகம். ஒரே சொல் இரண்டு நாட்டில் இரண்டு பொருள் தருகிறது. நாம் செல் என்பதை அவர்கள் கலம் என்கிறார்கள், ஒளிச்சேர்க்கையை ஒளித்தொகுப்பு என்கிறார்கள். யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ ஒருவர் உங்கள் ஆய்வேட்டைப் படிக்க வேண்டும் என்றால், கலைச்சொல் பட்டியலில் இலங்கைச் சொல்லுக்கும் ஒரு நெடுவரிசை ஒதுக்குங்கள். அரைநாள் வேலைதான்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | செந்தமிழ் நடை | கலப்பு நடை | எளிய எழுத்துநடை |
|---|---|---|---|
| தெளிவு | துறைக்குள் நன்று, வெளியே குறைவு | ஆங்கிலம் அறிந்தவருக்கு மட்டும் | பரவலாகப் புரியும் |
| துல்லியம் | இலக்கண, இலக்கியச் சொற்களில் மிக உயர்வு | புதிய துறைகளில் நன்று, எழுத்துக்கூட்டலில் ஆபத்து | பட்டியல் இருந்தால் உயர்வு |
| ஏற்பு | தமிழ்த் துறைகளில் எளிது | நெறியாளரைப் பொறுத்தது | சில இடங்களில் விளக்கம் சொல்ல வேண்டும் |
| உழைப்பு | பழகியவருக்குக் குறைவு | முதல் வரைவில் குறைவு, திருத்தத்தில் அதிகம் | தொடக்கம் முதல் முடிவு வரை அதிகம் |
| ஆயுள் | தேடலில் தவறக்கூடும் | சொற்கள் விரைவில் பழசாகும் | நூலாக்க எளிது |

நான், ஆய்வாளர், செய்யப்பட்டது

நடையை முடிவு செய்த பிறகும் இந்த ஒரு கேள்வி நிற்கும். தன்னைக் குறிக்க "நான்" என்று எழுதுவதா, "ஆய்வாளர்" என்பதா, செயப்பாட்டுவினையில் மறைந்துகொள்வதா?

"ஆய்வாளர்" அடக்கமாகத் தெரியும். முன்னாய்வுகளைத் திறனாயும் இயலில் வந்ததும் அது காலை வாரிவிடும். "ஆய்வாளர் இதை மறுக்கிறார்" என்றால் நீங்களா, நீங்கள் மேற்கோள் காட்டிய முந்தைய ஆய்வாளரா? செயப்பாட்டுவினையின் குறையை மேலே பார்த்தோம். "நான்" என்பது செருக்காகத் தோன்றுகிறது என்பவர்களுக்குத் தமிழே ஒரு வழி வைத்திருக்கிறது. "பேசினேன்", "ஒப்பிட்டேன்", "நீக்கினேன்" என்றால் போதும். விகுதியே ஆளைச் சொல்லிவிடும், "நான்" எழுத வேண்டியதே இல்லை. தன்மையே கூடாது என்று உங்கள் பல்கலைக்கழகம் விதித்திருந்தால் "இவ்வாய்வு 20 பேரை நேர்கண்டது" என்று ஆய்வை எழுவாயாக்கலாம். அதிலும் எண் காணாமல் போகக் கூடாது.

எனலாம் என்ற நோய்

எந்த நடையில் எழுதினாலும் தமிழ் ஆய்வேடுகளில் "எனலாம்" விரவிக் கிடக்கும். சுவரில் மன்னனின் ஆட்சியாண்டோடு கல்வெட்டு இருக்கும் கோயிலுக்கும் "சோழர் காலத்தது எனலாம்", தூணின் அமைப்பை மட்டும் வைத்து ஊகித்த கோயிலுக்கும் "சோழர் காலத்தது எனலாம்". முதலாவதற்குத் தயக்கமே வேண்டாம், "கல்வெட்டு காட்டுகிறது" என்று எழுதுங்கள். இரண்டாவதற்குத் "தூண் அமைப்பை வைத்துப் பார்த்தால் சோழர் காலத்ததாக இருக்கக்கூடும்" என்பதே நேர்மை. காட்டுகிறது, தெரிகிறது, கருத இடமுண்டு, இருக்கக்கூடும் என்று தமிழில் படிப்படியாகச் சொல்ல வழி இருக்கும்போது ஒரே சொல்லில் எல்லாவற்றையும் ஏன் அடக்க வேண்டும்?

பிறர் கருத்தைச் சொல்லும் வினைகளும் அப்படித்தான். எல்லோரும் "கூறுகிறார்" என்றால், யார் நிறுவினார், யார் ஊகித்தார், யார் மறுத்தார் என்பது தெரியாது.

வாய்ப்பாட்டுத் தொடர்களுக்கு இன்னொரு விலையும் உண்டு. எழுத்துத் திருட்டைத் தடுக்கும் யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகளின்படி ஒப்புமை, அதாவது பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு, 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை ஓராண்டுத் தடை, அதையும் தாண்டினால் பதிவே ரத்து. தொடர்ந்து 14 சொற்கள் வரை பொதுவாக அமைந்துவிடும் தொடர்களை விதி விலக்குகிறது. தமிழில் 14 சொல் என்பது ஒரு முழு வாக்கியத்துக்கும் மேல் போகும், அதனால் ஓரளவு தப்பலாம். முன்னுரையின் முதல் பத்தியை அப்படியே பழைய ஆய்வேட்டின் அச்சில் வார்த்தால் தப்ப முடியாது.

யாருக்கு எது

இலக்கணம், உரைமரபு, சங்க இலக்கியம் என்றால் செந்தமிழ் நடை. ஆனால் அடைமொழிகளைக் களைந்துவிட்டு, வினைமுற்றில் ஆளை வைத்து எழுதுங்கள். சொற்கள் இன்னும் உறுதிப்படாத புதுத் துறை என்றால், எளிய நடையில் எழுதிக்கொண்டு கலைச்சொற்களை மட்டும் ஒலிபெயர்ப்பில் வையுங்கள். மக்களிடம் போய்த் தரவு திரட்டும் எந்தத் துறைக்கும் எளிய எழுத்துநடைதான். நேர்காணல் மேற்கோள்கள் மட்டும் அவரவர் பேச்சில் இருக்கட்டும்.

ஆங்கிலத்தில் எழுதிவிட்டு மொழிபெயர்த்துக்கொள்ளலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். இப்போது கருவிகள் இருப்பதால் இந்த ஆசை கூடியிருக்கிறது. வேண்டாம். வாக்கியம் ஆங்கில வரிசையிலேயே நிற்கும், "மூலம்" என்பதும் "ஆகும்" என்பதும் வரிக்கு வரி வரும். வாய்மொழித் தேர்வில் உங்கள் வாக்கியத்தையே நீங்கள் விளக்க முடியாமல் போகும்.

நெறியாளரோடு கருத்து வேறுபாடு வரும் என்று தோன்றினால், கொள்கை பேசிப் பயனில்லை. உங்கள் கள ஆய்விலிருந்து ஒரு பகுதியை எடுத்து, அவர் சொல்லும் நடையில் இரண்டு பக்கமும் நீங்கள் விரும்பும் நடையில் இரண்டு பக்கமும் எழுதி, பக்கத்தில் பக்கமாக வைத்துக் காட்டுங்கள். கலைச்சொல் பட்டியலையும் கூடவே கொண்டுபோங்கள். முதல் இயலுக்கு முன்பே அவர் ஒப்புதலைப் பெற்று, ஆய்வுக்குழுக் கூட்டத்தின் குறிப்பிலும் அதைப் பதிவு செய்துவிடுங்கள். நான்காம் இயலில் இருக்கும்போது நடையை மாற்றச் சொன்னால் முதல் மூன்று இயலையும் திரும்ப எழுத வேண்டிவரும்.